சானிடைசர் 99.9%, தடுப்பூசி 95%: அப்படியானால் எது பெரியது?

பதிவு 1 | வெண்மேகம்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒரு வாரமாக ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு இது. எனக்குப் பதில் சொல்லத் தெரியாததால் இங்கே கொண்டுவருகிறேன்.

அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. ஃப்ளூ ஊசியும் கொரோனா ஊசியும் போட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் தேவையில்லை என்கிறார். அவர் ஏதோ வதந்தியைப் படித்துவிட்டுப் பேசுகிற ஆள் இல்லை. சானிடைசர் புட்டியை எடுத்துக் காட்டினார். "இதில் 99.9 சதவீதக் கிருமியை அழிக்கும் என்று போட்டிருக்கிறது. தடுப்பூசிக்கு 95 என்றுதான் சொன்னார்கள், ஃப்ளூ ஊசிக்கு அதுவும் இல்லை. வாசலிலேயே கொல்ல முடிகிற ஒன்றை வீட்டுக்குள் விட்டு ஏன் சண்டை போட வேண்டும்? கையைக் கழுவு, மேசையைத் துடை, போதும்" என்கிறார்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கோ ஓர் இடத்தில் இடறுகிறது. எந்த இடம் என்று பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாக விளக்கினால் அப்படியே அண்ணனிடம் படித்துக் காட்டுவேன்.

பதிவு 2 | கணக்குப்பிள்ளை

மருத்துவம் எனக்குத் தெரியாது, எண்கள் தெரியும். அதனால் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

புட்டியில் இருக்கும் 99.9 என்பது வைரஸ் துகள்களை எண்ணிப் பார்த்து வந்தது. ஆய்வகத்தில் ஒரு பரப்பின் மீது பத்து லட்சம் துகள்களை விட்டு, மருந்தை ஊற்றி, சொன்ன நேரம் வரை ஈரமாக வைத்திருந்து எண்ணினால் ஆயிரம் மிஞ்சும். ஆயிரம் என்பது பூஜ்யம் இல்லை என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

தடுப்பூசியின் 95 என்பது மனிதர்களை எண்ணி வந்தது. 2020-இல் ஃபைசர் நடத்திய பரிசோதனையில் சுமார் 43,000 பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, மீதிப் பாதிக்கு வெறும் உப்பு நீர். பிறகு எல்லோரும் அவரவர் வாழ்க்கைக்குத் திரும்பிப் போனார்கள். கையைக் கழுவினார்கள், சானிடைசர் போட்டார்கள், வெளியே போனார்கள், வந்தார்கள். கணக்கெடுத்தபோது 170 பேருக்கு நோய் வந்திருந்தது. அதில் 162 பேர் உப்பு நீர் போட்டுக்கொண்டவர்கள், 8 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். 162-க்கு 8 என்பதுதான் அந்த 95.

அந்த 162 பேரிடமும் சானிடைசர் இருந்திருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். கொரோனாக் காலத்தின் உச்சம் அது. கையில் 99.9 இருந்தும் நோய் வந்தவர்கள் அவர்கள். ஒன்று மேசையைப் பற்றிய எண், மற்றொன்று மனிதரைப் பற்றிய எண். எட்டு முழத்தையும் எட்டு படியையும் வைத்து எது பெரியது என்று கேட்க முடியுமா?

பதிவு 3 | புதுவரவு

அப்படியானால் புட்டியில் போட்டிருப்பது பொய்யா? நான் தினமும் அதை நம்பித்தான் வெளியே போய் வருகிறேன்.

பதிவு 4 | நுண்ணோக்கி

பொய் இல்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் நிபந்தனைகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் வேலை பார்ப்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வைரஸ் என்பது ஒரு சீட்டு. அந்தச் சீட்டில் தன்னைப் போல இன்னொன்றைச் செய்வது எப்படி என்று எழுதியிருக்கும். சீட்டைச் சுற்றிப் புரதத்தால் ஆன கூடு. சில வைரஸ்களுக்கு அந்தக் கூட்டுக்கு மேலே கொழுப்பால் ஆன மெல்லிய உறை ஒன்றும் உண்டு. கொரோனா, ஃப்ளூ, தட்டம்மை, எச்.ஐ.வி., ரேபிஸ் எல்லாம் உறை உள்ளவை. போலியோ, நோரோ, ரோட்டா, ஹெபடைடிஸ் ஏ ஆகியவை உறை இல்லாதவை. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கிருமிநாசினிகளின் பாதிக் கதை புரிந்துவிடும்.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரைத் தேடும், வால் கொழுப்பைத் தேடும். உறை உள்ள வைரஸின் மேல் சோப்பு நீர் பட்டதும் வால்கள் அந்தக் கொழுப்புக்குள் ஆப்பு போல இறங்குகின்றன. உறை பிய்ந்து துண்டு துண்டாகிறது. செல்லுக்குள் நுழைய உதவும் முட்கள் அந்த உறையில்தான் குத்தி நிற்கின்றன. உறை போனால் முள்ளும் போயிற்று. சீட்டு கிழியாமல் இருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் இல்லை.

ஆல்கஹாலும் கொழுப்பைக் கரைக்கும், கூடவே புரதத்தை உருக்குலைக்கும். சுத்தமான ஆல்கஹால்தான் வீரியம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. புரதம் குலைவதற்குத் தண்ணீரும் வேண்டும். அதோடு சுத்த ஆல்கஹால் வேலையை முடிப்பதற்குள் ஆவியாகிவிடும். உலக சுகாதார அமைப்பு கொடுத்திருக்கும் கலவையில் எத்தனால் 80%, அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 75%. கை காயும் வரை, அதாவது இருபது முப்பது விநாடி தேய்க்க வேண்டும். தெளித்தவுடனே துணியில் துடைத்துக்கொண்டால் 99.9 கிடைக்காது. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ பிசுக்கோ இருந்தாலும் கிடைக்காது.

புதுவரவு, உங்களுக்கு முக்கியமானது இதுதான். வாந்தி பேதி கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு உறை கிடையாது. ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் அவ்வளவாக எடுபடாது. சோப்பும் அதைப் பிய்க்காது. ஆனால் சோப்பும் ஓடும் தண்ணீரும் சேர்ந்தால் தோலிலிருந்து கழற்றிச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். கொல்லாமலே காப்பாற்றும் வழி அது. நோரோ புகுந்த வீட்டில் சானிடைசரை நம்பிக் கை கழுவாமல் இருந்தால் ஒருவர் பின் ஒருவராகப் படுப்பார்கள்.

பிளீச் வேறு ரகம். அதிலுள்ள ஹைப்போகுளோரஸ் அமிலம் உறை, கூடு, சீட்டு எதையும் பார்க்காமல் எரிக்கும். அதனால்தான் உறை இல்லாததும் அதற்கு அடங்கும். தரை, மேசை, கழிப்பறைக்கு 0.1% போதும். 5% பிளீச் வாங்கினால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர். அன்றன்று கலக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் வீரியம் குறையும். முதலில் அழுக்கைத் துடைத்துவிட்டு அப்புறம்தான் பிளீச். இல்லையென்றால் வைரஸுக்கு வைத்த மருந்தை அழுக்கே தின்றுவிடும்.

பதிவு 5 | மாலைநடை

பிளீச் என்றதும் என் அனுபவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொரோனாக் காலத்தில் பயத்தில் கழிப்பறையில் பிளீச்சை ஊற்றினேன். போதாது என்று அதன் மேலேயே அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தையும் ஊற்றினேன். இரண்டு மருந்து இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று நினைப்பு. பச்சையும் மஞ்சளுமாக ஒரு நெடி எழுந்தது, தொண்டை அடைத்துக்கொண்டது, கண் திறக்க முடியவில்லை. வெளியே ஓடி வந்து அரை மணி நேரம் இருமினேன். அது குளோரின் வாயு என்று பிறகுதான் தெரிந்தது. அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தாலும் இதே போல நச்சுவாயு வருமாம். தயவுசெய்து யாரும் எதையும் எதோடும் கலக்காதீர்கள்.

பதிவு 6 | ஊசிமுனை

மாலைநடை, நீங்கள் தப்பித்தது பெரிய விஷயம். அந்த நெடியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெண்மேகம் கேட்ட கேள்விக்கு விடை அதில் இருக்கிறது.

நான் தடுப்பூசி போடும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலி. கிருமிநாசினிக்கு ஆள் தெரியாது. வைரஸின் கொழுப்பு, உங்கள் நுரையீரல் செல்லின் கொழுப்பு, இரண்டும் அதற்கு ஒன்றுதான். மேசைக்கு உயிர் இல்லை, அதனால் தாங்குகிறது. தோலின் மேல்பகுதி செத்த செல்களால் ஆனது, அதனால் ஓரளவு தாங்குகிறது. அதைத் தாண்டி உள்ளே கொண்டுபோனால் வைரஸுக்கு முன்னால் நாம்தான் போவோம். 2020-இல் ஈரானில் கொரோனாவுக்கு மருந்து என்று நம்பி மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வைரஸ் ஒரு செல்லுக்குள் நுழைந்துவிட்டால் வெளியிலிருந்து எந்தக் கிருமிநாசினியும் அதைத் தொட முடியாது.

தடுப்பூசியோ வைரஸைத் தொடுவதே இல்லை. நிறைய பேர் தவறவிடும் இடம் இதுதான். ஊசியில் இருப்பது வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. வைரஸின் அடையாளம் மட்டும்தான். செத்த வைரஸாக இருக்கலாம், பலம் இழந்த வைரஸாக இருக்கலாம், ஒரு முள்ளின் துண்டாக இருக்கலாம், அந்த முள்ளைச் செய்யும் குறிப்பாகவும் இருக்கலாம். எம்.ஆர்.என்.ஏ. ஊசி அந்தக் கடைசி வகை.

ஊசி போட்ட தோளில் நடப்பதைச் சொல்கிறேன். அங்கே காவலுக்கு இருக்கும் செல்கள் அந்நியப் பொருளைத் தூக்கிக்கொண்டு அக்குளில் இருக்கும் நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. ஊசி போட்ட மறுநாள் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவது இதனால்தான். அங்கே லட்சக்கணக்கான பி செல்கள், ஒவ்வொன்றின் கையிலும் வேறு வேறு சாவி. எந்தச் சாவி பொருந்துகிறதோ அந்தச் செல் மட்டும் பெருக ஆரம்பிக்கும். பெருகும்போதே சாவியை இன்னும் இழைத்துக் கூர்மையாக்கும். அந்தச் சாவிகள்தான் ஆன்டிபாடிகள். டி செல்கள் என்று இன்னொரு கூட்டம், ஏற்கெனவே வைரஸ் புகுந்துவிட்ட செல்லைக் கண்டுபிடித்து அழிக்கும். இதற்கெல்லாம் சுமார் இரண்டு வாரம் ஆகும். வேலை முடிந்த பிறகும் ஒரு பகுதி செல்கள் நினைவோடு தங்கிவிடும். அடுத்த முறை நிஜ வைரஸ் வரும்போது இரண்டு வாரம் தேவையில்லை, சில நாட்கள் போதும்.

சானிடைசரின் வேலை கை காய்ந்ததும் முடிந்தது. அடுத்த கைப்பிடியைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து. தடுப்பூசி கற்றுக்கொடுத்தது நீங்கள் தூங்கும்போதும் உங்களோடு இருக்கும்.

பதிவு 7 | நுண்ணோக்கி

ஊசிமுனை அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நம் ரத்தத்தில் இருக்கும் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு, தான் விழுங்கிய கிருமியைக் கொல்ல ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தானே தயாரிக்கிறது. பிளீச்சில் இருக்கும் அதே பொருள்! பெரும்பாலும் பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் எதிராகத்தான். ஆனால் அதை ரத்தத்தில் ஊற்றுவதில்லை. விழுங்கிய கிருமியை ஒரு சிறு பைக்குள் அடைத்து, அந்தப் பைக்குள் மட்டும் சுரக்கிறது. உடம்புக்கும் பிளீச் தெரியும். எங்கே ஊற்ற வேண்டும் என்பதும் தெரியும்.

பதிவு 8 | தெளிநீர்

எல்லாம் படித்தேன். ஆனால் ஒரு மாற்றுக் கருத்தை மரியாதையோடு வைக்கிறேன். நோய்கள் குறைந்ததற்குச் சுத்தமான தண்ணீரும் கை கழுவுவதும்தான் காரணம், தடுப்பூசி பிறகு வந்து பெயரைத் தட்டிக்கொண்டது என்று நான் நம்புகிறேன். 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் மற்ற மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த பிரசவ மரணம் ஜூனில் இரண்டு சொச்சமாக இறங்கியது. ஊசியே இல்லாமல் நடந்தது இது. கிருமி என்ற ஒன்று இருப்பதே அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. இவ்வளவு பெரிய சாதனையைச் செய்த கிருமிநாசினியைத் தடுப்பூசிக்குக் கீழே வைப்பது சரியா?

பதிவு 9 | ஊசிமுனை

தெளிநீர், செம்மல்வைஸை நானும் கும்பிடுகிறேன். காலராவும் டைபாய்டும் குறைந்ததில் சுத்தமான தண்ணீரின் பங்கு மிகப் பெரியது. ஆனால் அவை பாக்டீரியா நோய்கள், பிரசவக் காய்ச்சலும் அப்படித்தான். வைரஸ்களின் கதைக்கு வாருங்கள்.

தட்டம்மை வைரஸ் காற்றில் வரும். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கும். எந்தக் கையைக் கழுவி அதை நிறுத்துவது? அமெரிக்காவில் 1963-இல் தட்டம்மைத் தடுப்பூசி வந்தது. அதற்கு முன்பு அங்கே குழாய்த் தண்ணீர், சோப்பு, கழிவுநீர்க் குழாய் எல்லாம் இருந்தும் ஆண்டுக்கு 30 முதல் 40 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வந்தது.

போலியோவில் இன்னும் கொடுமை. பழைய காலத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் கைக்குழந்தைப் பருவத்திலேயே, தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி இருக்கும்போதே வைரஸ் தொற்றிவிடும். அதனால் பெரும்பாலும் முடக்காமல் போய்விடும். சுகாதாரம் மேம்பட்ட நாடுகளில் தொற்று தள்ளிப்போய், அந்தப் பாதுகாப்பு தீர்ந்த பிறகு குழந்தைகள் முதல்முறையாக வைரஸைச் சந்தித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் வசதியான நாடுகளில் போலியோ கொள்ளைநோயாக வெடித்ததற்கு இதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

ரோட்டா வைரஸும் அப்படித்தான். ஏழை நாடு, பணக்கார நாடு என்ற பேதமில்லாமல் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் வந்தது. சாவதில்தான் பேதம் இருந்தது, தொற்றுவதில் இல்லை. அதனால்தான் அதற்குச் சொட்டு மருந்துத் தடுப்பூசி தேவைப்பட்டது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 1980 மே மாதம் அறிவித்தார்கள். அது தடுப்பூசியால் நடந்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நோரோவுக்கு இன்று கைவசம் நமக்கு இருப்பது சோப்பும் தண்ணீரும் பிளீச்சும்தான். அதனால் மேலே கீழே என்று வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை. எந்த வைரஸ், எந்த வழியாக வருகிறது என்று பார்த்துத்தான் பேச வேண்டும்.

பதிவு 10 | தெளிநீர்

போலியோ விஷயம் எனக்குத் தெரியாது. படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சரி, காற்றில் வருவதற்குக் கை கழுவுதல் போதாது என்பதை ஏற்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். சோப்பை யாரும் மாற்றுவதில்லை. அப்படியானால் வைரஸ் தடுப்பூசியை ஏமாற்றக் கற்றுக்கொள்கிறது, சோப்பை ஏமாற்ற முடியவில்லை. இதில் சோப்புதானே ஜெயிக்கிறது?

பதிவு 11 | நுண்ணோக்கி

அருமையான கேள்வி, ஆம் என்றுதான் சொல்வேன். அதன் காரணம் அழகானது.

அந்தக் கொழுப்பு உறை வைரஸுடையதே இல்லை, திருடியது. செல்லை விட்டு வெளியேறும்போது அந்தச் செல்லின் சவ்விலிருந்து ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வருகிறது. அந்தக் கொழுப்பைச் செய்யும் குறிப்பு வைரஸின் சீட்டில் கிடையாது. சீட்டில் இல்லாததை எழுத்துப்பிழையால் மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் சோப்புக்குத் தாக்குப்பிடிக்கும் கொரோனா என்று ஒன்று எளிதில் உருவாகாது.

முட்கள் அப்படி இல்லை. அவை சீட்டில் எழுதியிருப்பவை, ஒவ்வொரு நகலிலும் பிழை சேரும். ஃப்ளூ வைரஸின் முட்கள் நிறைய மாறினாலும் வேலை செய்யும். அதனால் உலக சுகாதார அமைப்பு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. தட்டம்மையின் முட்களால் அப்படி மாற முடிவதில்லை. மாறினால் செல்லுக்குள் நுழையும் திறமையே போய்விடும். 1954-இல் ஒரு சிறுவனிடமிருந்து பிரித்தெடுத்த வைரஸிலிருந்து வந்த தடுப்பூசி இன்றும் வேலை செய்கிறது.

வெண்மேகம், உங்கள் அண்ணன் ஃப்ளூ ஊசி பற்றிச் சொன்னது உண்மைதான். வகை நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளிலேயே அது 40 முதல் 60 சதவீதம் வரைதான். ஆனால் அப்பாவின் வயதில் காய்ச்சலை விட நிமோனியாதான் பயம். தொற்றினாலும் ஆஸ்பத்திரி வரை போகாமல் தடுப்பதில் அந்த ஊசிக்கு நல்ல பங்கு உண்டு.

பதிவு 12 | புதுவரவு

செத்த வைரஸையே ஊசியாகப் போடலாம் என்றால், பிளீச்சில் கொன்ற வைரஸை ஊசியாகப் போடலாமே? கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் மன்னிக்கவும்.

பதிவு 13 | நுண்ணோக்கி

மன்னிப்பே வேண்டாம், இந்த இழையிலேயே இதுதான் ஆழமான கேள்வி. கிருமிநாசினியும் தடுப்பூசியும் சந்திக்கும் இடம் அது.

பிளீச்சில் கொன்றால் முகம் சிதைந்துவிடும். ஆள் அடையாளம் காட்ட முகம் வேண்டும். எரிந்துபோன புகைப்படத்தைக் காட்டி இவனைப் பிடி என்று பி செல்லிடம் சொல்ல முடியாது. அதனால் முகம் மாறாமல் உயிரை மட்டும் எடுக்கும் வேதிப்பொருள் தேவை. ஃபார்மலின் அப்படிப்பட்டது. பிணவறையிலும் ஆய்வகத்திலும் உடல் உறுப்புகளை அழுகாமல் வைத்திருக்கும் அதே ஃபார்மலின்தான், கிருமிநாசினியாகவும் பயன்பட்டது. அது புரதங்களை ஒன்றோடொன்று தைத்துவிடும். உருவம் அப்படியே நிற்கும், அசைய மட்டும் முடியாது. போலியோ ஊசியை உருவாக்கிய ஜோனஸ் சால்க் போலியோ வைரஸை அப்படித்தான் கொன்றார். இன்றும் ஃபார்மலினில், உடம்பின் சூடான 37 டிகிரியில், பன்னிரண்டு நாள் வரை ஊறவைக்கிறார்கள். மேசையைத் துடைக்க ஒரு நிமிடம், ஊசி செய்யப் பன்னிரண்டு நாள்!

அதில் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1955 ஏப்ரல் சாட்சி. சால்க்கின் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்ற உடனே பல நிறுவனங்கள் தயாரித்தன. கட்டர் என்ற நிறுவனத்தின் சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் சாகவில்லை. சுமார் 200 பேருக்குக் கை கால் பாதிக்கப்பட்டது, 10 பேர் இறந்தார்கள். பிறகு விசாரித்தபோது தெரிந்த காரணங்களில் ஒன்று இது: வைரஸை வளர்த்த செல்களின் சிதறல்கள் கரைசலில் தங்கியிருந்தன, அவற்றுக்குள் ஒளிந்த வைரஸை ஃபார்மலின் எட்டவில்லை.

நான்காவது பதிவில் முதலில் அழுக்கைத் துடை, அப்புறம் பிளீச் என்று எழுதினேன் இல்லையா? கழிப்பறைத் தரையில் நடக்கிற அதே விஷயம்தான் அந்தத் தொழிற்சாலையிலும் நடந்தது. அதன் பிறகு வடிகட்டும் முறையையும் சோதனைகளையும் கடுமையாக்கினார்கள். இந்தச் சம்பவத்தை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து. தடுப்பூசியை நம்பச் சொல்பவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

பதிவு 14 | ஊசிமுனை

நுண்ணோக்கி எழுதியதைப் படித்ததும், வேலையில் நான் நேரில் பார்த்த ஒரு சந்திப்பு ஞாபகம் வந்தது. சோப்பு, கிருமிநாசினி, தடுப்பூசி எல்லாமே ஒரே காயத்தில், ஒரே மணி நேரத்தில் வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. நாய்க்கடி.

ரேபிஸ் வைரஸுக்கு உறை உண்டு. கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கும். உடனே மூளைக்குப் போய்விடாது. தசையில் இருந்து, அப்புறம் நரம்பைப் பிடித்து மெதுவாக ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும், சில சமயம் ஒரு வாரம்தான். மூளையை எட்டி அறிகுறி தெரிந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

முதல் வேலை சோப்பு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். நரம்பைப் பிடிக்காமல் காயத்தில் இருக்கும் வைரஸின் உறையைச் சோப்பு பிய்க்கும், தண்ணீர் அடித்துக்கொண்டு போகும். அப்புறம் பொவிடோன் அயோடின் போன்ற ஒரு கிருமிநாசினி. சோப்பு எட்டாத ஆழத்தில் தப்பித்ததை என்ன செய்வது? ஊசி இன்றே போட்டாலும் ஆன்டிபாடி வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்த இடைவெளிக்காக, ஆழமான கடிக்கு வேறு ஓர் உடம்பில் உருவான ஆன்டிபாடியைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். இம்யூனோகுளோபுலின் என்பது அதுதான். அது சில வாரத்தில் கரைந்துவிடும். அதற்குள் தடுப்பூசி கற்றுக்கொடுத்த பாடம் தயாராகியிருக்கும். இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று தவணை தவறாமல் வரச்சொல்லி நாங்கள் விரட்டுவது அதற்காகத்தான். 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ரேபிஸ் ஊசி போட்டதும் நாய் கடித்த பிறகுதான். வைரஸ் மெதுவாகப் போவதால்தான் அது சாத்தியமாயிற்று.

காயத்தைக் கழுவாமலேயே பதறி ஓடிவருபவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஊசிதான் மருந்து, கழுவுவது வெறும் சுத்தம் என்ற நினைப்பு. வெண்மேகத்தின் அண்ணன் நினைப்பதற்கு நேர் எதிரான தவறு அது. வந்தவுடன் எங்கள் குழாயடிக்கு அழைத்துப்போய்த்தான் முதல் வேலையையே தொடங்குவேன்.

இன்னொரு சின்ன விஷயம். ஊசிக்கு முன் ஸ்பிரிட்டால் துடைத்தால் தோல் நன்றாகக் காயும் வரை காத்திருப்போம். ஈரத்தோடு குத்தினால் எரியும். அதோடு பெரியம்மை ஊசிக் காலத்தில் தோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள். அந்த ஊசியில் இருந்தது உயிருள்ள வைரஸ், ஸ்பிரிட் அதைக் கொன்றுவிட்டால் ஊசி வீண்.

பதிவு 15 | மாலைநடை

இத்தனை வருடத்தில் பதினைந்து நிமிடம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நிமிடம் போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பதிவு 16 | வெண்மேகம்

எல்லோருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் முடிக்க மனம் வரவில்லை. நேற்று இரவு அண்ணனுக்கு இழை முழுவதையும் படித்துக் காட்டினேன். கணக்குப்பிள்ளை சார் எழுதிய "அந்த 162 பேரிடமும் சானிடைசர் இருந்திருக்கும்" என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இரண்டாவது முறை அவரே வாங்கிப் படித்தார். கடைசியில், "அப்படியானால் புட்டியையும் தூக்கிப்போட வேண்டாம், ஊசியையும் தள்ளிப்போட வேண்டாம்" என்றார். வெள்ளிக்கிழமை அப்பாவை அவரே கூட்டிக்கொண்டு போகிறார். ஃப்ளூ ஊசி ஒரு தோளில், கொரோனா ஊசி இன்னொரு தோளில் ஒரே நாளில் போடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்புறம் ஒன்று செய்து பார்த்தேன். நாய்க்கடி எதுவும் இல்லை, சும்மாதான். மொபைலில் பதினைந்து நிமிடம் வைத்து, குழாயடியில் கையை நீட்டிச் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். நான்காவது நிமிடமே போதும் என்று தோன்றியது. ஏழாவது நிமிடத்தில் விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது. அழுகிற குழந்தையாக இருந்தால் எப்படிப் பிடித்து வைத்திருப்பது என்று தெரியவில்லை.

பதிவு 17 | ஊசிமுனை

நீங்கள் செய்து பார்த்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குழந்தையை மடியில் வைத்து அந்தக் கையையோ காலையோ தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சோப்புப் போட வேண்டும். அழுத்தித் தேய்க்க வேண்டாம், தண்ணீரே வேலை செய்யும். நடுவில் அழுகிறதே என்று நிறுத்திவிட்டால், குழந்தையைச் சமாதானப்படுத்தியதும் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். கழுவி முடித்ததும் கட்டுப் போட்டு மூடாமல் அப்படியே கூட்டிக்கொண்டு வாருங்கள்.